படம் பிடிக்க ஆள் வேண்டும்



சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும்போது வலிக்காது. பார்வை மங்கிய பிறகுதான் நமக்கே தெரிகிறது. முன்கூட்டியே விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் பார்ப்பதற்கு மருத்துவர்கள் எங்கே? சில ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்தில் சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்கு, விழித்திரை நிபுணர்கள் ஏறத்தாழ 200 பேர்தான் இருந்தார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கூகுள் ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவை இறக்கினார்கள். 1,28,000-க்கும் மேற்பட்ட படங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். அவற்றில் நம் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் படங்களும், சென்னை சங்கர நேத்ராலயாவின் படங்களும் உண்டு. நம் அப்பத்தாக்களின் கண்கள் அதற்குப் பாடம் நடத்தியிருக்கின்றன! 2016-இல் முடிவு வெளியானது: கண் மருத்துவர்களுக்கு இணையாக அது தேறியிருந்தது.

பிறகு தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கே படம் எடுத்தவர்கள் செவிலியர்கள். அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாட்டியின் முகவாயைக் கருவியின் தாங்கியில் வைக்க வேண்டும், இமை மூடிவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும், கண் பாவை விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். பல இடங்களில் அப்படி ஓர் அறையே இல்லை. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை, தெளிவில்லை என்று இயந்திரம் தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர்களுக்கு இன்னொரு நாள் அலைச்சல், இன்னொரு நாள் கூலி போச்சு. படத்தை அனுப்ப இணையமும் இழுத்தடித்தது.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. சுவீடனில் 80,000 பெண்களிடம் செயற்கை நுண்ணறிவை வைத்து நடந்த மார்பகப் புற்றுநோய்ச் சோதனையில், மருத்துவர்கள் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டறிவதில் எந்தக் குறையும் வரவில்லை. பெரிய காரியம் அது, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே படம் எடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். மருத்துவரின் சுமையைக் கருவி குறைக்கும். செவிலியரின் காலி இடத்தில் அது உட்காராது.

ஆகவே இந்த மன்றத்திடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு இப்படி ஒரு கண் பரிசோதனைக் கருவி கேட்டுத் தீர்மானம் போடுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். அதே தீர்மானத்தில் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், நிரந்தரப் பணியில், ஓர் இருட்டறையோடு வேண்டும் என்றும் எழுதுங்கள்.