குழந்தைக்கு உரிய கதை

1978 அக்டோபரில் கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. இதைச் சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. ஊர் என்ன சொல்லுமோ என்று குழந்தையின் குடும்பம் அதன் அடையாளத்தை மறைத்தது. வெளியே தெரிந்தது 'துர்கா' என்ற பெயர் மட்டும். அந்தப் பெண்ணே முன்வந்து பேசியது 25 வயதில்தான். ஊர்ப்பேச்சுக்கு அவ்வளவு பயம்!

இன்று வாடகைத்தாய் மூலம் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதே பயம். கல்யாணப் பந்தியில், "யார் சுமந்தது? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறோம். பக்கத்து இலையில் அந்தக் குழந்தையே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பிறந்த கதை அந்தக் குழந்தைக்கு உரியது. பெற்றோர் வாயால்தான் குழந்தை அதை முதலில் கேட்க வேண்டும். அக்கறையில்தானே கேட்கிறோம் என்பீர்கள். அக்கறைக்கு, "குழந்தை நல்லா இருக்கா?" போதும். காசு கொடுத்து வாங்கிய பிள்ளை என்பார்கள் சிலர். தவறு. பணத்துக்காகச் சுமப்பதை 2021ஆம் ஆண்டு வாடகைத்தாய்ச் சட்டம் தடுக்கிறது. பிறப்பது அந்தத் தம்பதியின் சொந்தப் பிள்ளை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சுமந்தவர் யார் என்று அப்போதும் துருவ வேண்டாம். அவருக்கும் குடும்பம் உண்டு. அவரும் நாலு பேர் நடுவில்தான் வாழ வேண்டும்.