சக்கர நாற்காலிக்கும் ஜிம்மில் ஓர் இடம்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமை உடற்பயிற்சிக் கூடமாக மாற்றப் போகிறோம். நல்ல காரியம். எட்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன், கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

"நாற்காலியில் இருப்பவருக்கு எக்சர்சைஸ் எதற்கு சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கும் மாறுவது கைபலத்தில்தான். அந்தப் பலம் குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். நான் பயிற்சி செய்வது அழகுக்காக அல்ல. ராத்திரியில் வீட்டம்மாவை எழுப்பாமல் பாத்ரூம் போய் வருவதற்காக.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 150-ஐ ஐந்து நாளுக்குப் பிரித்தால் தினம் அரை மணி. மிதமான பயிற்சி என்றால் செய்யும்போது பேச முடியும், பாட முடியாது. அவ்வளவுதான் அளவுகோல்.

நாள் முழுக்கச் சக்கரத்தைத் தள்ளுகிறோம். அதனால் மார்பும் தோளின் முன்பக்கமும் உழைக்கின்றன, முதுகுப் பக்கம் சும்மா இருக்கிறது. கொஞ்ச நாளில் தோள்வலி வரும். ஆகவே ஜிம்மில் எங்களுக்கு முக்கியம், இழுக்கும் பயிற்சி. ரப்பர் பேண்டைத் தூணில் கட்டி, இரு கைகளாலும் பின்னோக்கி இழுத்தால் போதும். மூச்சு வாங்க வைப்பதற்குக் கையால் சுற்றும் சைக்கிள் இருக்கிறது.

கவனிக்க வேண்டியதும் உண்டு. தொடங்குமுன் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேளுங்கள். இரண்டு பக்க பிரேக்கையும் போட்ட பிறகே எடையைத் தொடுங்கள். ஒரே நிலையில் உட்கார்ந்தால் படுக்கைப்புண் போலப் புண் வரும், அவ்வப்போது முன்னால் சாய்ந்து எழும்புங்கள். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு வியர்வை சரியாக வராமல் உடல் சூடேறலாம், அவர்களுக்கு மின்விசிறியும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும்.

இது புதுமையும் அல்ல. 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடம் பாதித்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். விளையாட்டையே சிகிச்சையாக்கியவர் அவர். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி நம் விஷயம். அந்த அறைக்கு முன்னால் இரண்டு படி, சேர்த்து ஓரடி உயரம். "நாலு பேர் சேர்ந்து தூக்கி விடுகிறோம் சார்" என்றார் ஒரு நண்பர். அன்புக்கு நன்றி. ஆனால் நாலு பேர் தூக்கிப் போகும் பயணம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது!

சாய்தளம் போடுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இது மத்திய அரசு நெறிமுறையில் உள்ள விகிதம். இடத்தை மிச்சம் பிடிக்க ஆறடியில் முடித்தால் நாற்காலி பின்னால் கவிழும். கதவு மூன்றடி அகலம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி காலியிடம் வேண்டும். சீட்டைக் கழற்றி நகர்த்தக்கூடிய மெஷினாக ஒன்று வாங்கினால் போதும்.

ஒருவருக்காக இவ்வளவு செலவா என்று தோன்றலாம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடப்பவர், குழந்தை வண்டி தள்ளும் தாய், தண்ணீர் கேன் கொண்டு வரும் பையன் எல்லோரும் அதே சாய்தளத்தில்தான் ஏறுவார்கள். கட்டும்போதே போட்டால் சிமெண்ட், மணல் செலவு. பிறகு இடித்துப் போட்டால் இரட்டைச் செலவு.

தீர்மானம் உங்கள் கையில். ஆதரவாகக் கை தூக்குங்கள். சாய்தளத்தில் என் கையாலேயே தள்ளிக்கொண்டு ஏறி வருகிறேன்.