படத்தில் தெரியும் சோகை



கீழிமையை விலக்கிப் பார்த்துச் சோகையை அறிவது நம் பாட்டிமார் கண்ட முறை. வெளுத்திருந்தால் அன்றே முருங்கைக்கீரை அடுப்பேறிவிடும். அச்சோகையை நெஞ்சுக்கு எடுக்கும் சி.டி. படத்திலும் காணலாம். ஆனால் அங்கே அது வெளுப்பாகத் தோன்றுவதில்லை, கறுப்பாகத் தோன்றுகிறது!

எக்ஸ் கதிரை எப்பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதை இக்கருவி எண்ணால் அளக்கிறது. இலண்டனில் 1971ஆம் ஆண்டு முதல் நோயாளியைப் படமெடுத்த இக்கருவியை அமைத்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் பெயரே அவ்வெண்ணுக்கும் வழங்குகிறது. தண்ணீருக்கு 0; காற்றுக்குக் கழித்தல் 1000; இரத்தத்திற்கு 40ஐ ஒட்டிய எண். இரத்தத்தின் அடர்த்திக்கு இரும்பே காரணம் என்று நினைக்கத் தோன்றும். அதன் பங்கு சிறிது. ஹீமோகுளோபினில் உள்ள புரதத்தின் பங்கே பெரிது. அது குறைந்தால் எண்ணும் இறங்குகிறது. அப்போது இதய அறைகளிலுள்ள இரத்தம், அவற்றைப் பிரிக்கும் தசைச்சுவரைவிடக் கறுத்துக் காணும். பெருந்தமனியின் சுவர் வெண்வளையம்போல் தனித்து நிற்கும். நல்ல இரத்தம் உடையவரிடம் இச்சுவர்கள் பெரும்பாலும் பிரிந்து தெரிவதே இல்லை. ஆனால் இரத்தக்குழாயில் மருந்து ஏற்றாமல் எடுத்த படமே இதற்கு உதவும்.

நாம் தில்லியில் குடியிருக்கும் தெருவில், நாகப்பட்டினத்து அம்மையார் ஒருவர் நீங்காத இருமலுக்காக இப்படம் எடுத்துக்கொண்டார். நுரையீரலில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். படியேறினால் மூச்சு வாங்குவதை அவர் வயதின்மேல் போட்டார். வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவர் அவர். நான்கு மாதம் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே சோகை. பழைய படத்தை வாங்கிப் பார்த்த வேறொரு மருத்துவர் அவ்வளையத்தைச் சுட்டிக் காட்டினார். கேட்ட வினாவிற்கு மட்டும் விடை எழுதியவர்களை முற்றும் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும் அந்த நான்கு மாதம் போனது போனதுதான்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேர் சோகை உடையவர்கள். அதற்காகச் சோகையை அறியவே இப்படம் எடுத்துக்கொள்ள வேண்டா; கதிரின் தீங்கும் உண்டு, செலவும் உண்டு. படம் ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. அதற்கு ஒரு சிறு இரத்தச் சோதனை போதும். ஆனால் இருமலுக்கோ காய்ச்சலுக்கோ எடுத்த படம் வீட்டுப் பீரோவில் கிடக்குமாயின், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அதையும் எடுத்துச் சென்று, இரத்தத்தின் நிறம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.