பங்கு போடத் தெரிந்தால் வகுத்தலும் தெரியும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



“மூணாவது படிக்கிற புள்ளைக்கு வகுத்தல் வரல. எனக்கும் படிப்பு இல்ல, எப்படிச் சொல்லித் தர்றது?” என்று குழுக்களில் பலரும் கேட்கிறீர்கள். வட்டி வரவை உறுப்பினர்களுக்குச் சமமாகப் பிரிக்கிறோமே, அதுதான் வகுத்தல்!

12 புளியங்கொட்டை, 3 தட்டு எடுங்க. தட்டுக்கு ஒண்ணொண்ணா, தீரும்வரை பிள்ளையே போடட்டும். ஒரு தட்டில் எத்தனை? நாலு. இது பங்கு போடுவது.

அதே 12 கொட்டையை மும்மூன்றாகக் கூறு வைக்கச் சொல்லுங்க. எத்தனை கூறு? நாலு. இது கூறு போடுவது. இரண்டுமே 12 ÷ 3 தான். மூன்றாம் வாய்ப்பாட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லட்டும்.

மறுநாள் 13 கொட்டை கொடுங்க. ஒண்ணு மிஞ்சும். அதுதான் மீதி. மீதி வந்தால் தப்பில்லை என்று சொல்லுங்க.

கையால் செய்து பழகின பிறகே நோட்டில் எழுதட்டும். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் செய்து பார்த்துக் கற்கும் முறைதான்.

வகுத்தல் புரியாவிட்டால் பின்னம், சதவீதம், வட்டிக் கணக்கு எதுவும் புரியாது. பத்தாவதில் கணக்கில் தோற்ற பையனை டுடோரியலுக்கு அனுப்புகிறார்கள். பெண்ணை வீட்டில் நிறுத்துகிறார்கள். அந்த நிலை நம் பெண்களுக்கு வேண்டாம்.

அடிக்காம, திட்டாம தினம் பத்து நிமிடம் உட்காருங்க. அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாங்க. குழுக் கணக்கை அவர்களே வகுத்துச் சொல்லட்டும்.