லாலாங்கின் உயிர் வேரில்
(சுங்கை லாலாங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே இன்றைய பொருள் அடங்கியிருக்கிறது. சுங்கை என்றால் ஆறு. லாலாங் என்றால் நமது பால்மரக் காட்டில் ஓயாது தலைகாட்டும் அந்தப் புல். தமிழகத்தில் சடங்குகளுக்காகத் தருப்பை என்று வழங்கும் புற்களுள் இதுவும் ஒன்று. அங்கே புனிதம், இங்கே பகை!

முட்செடிகளை அறிவது எளிது. முள்ளுக்கீரை இலைக்காம்பின் அடியில் இரட்டை முள் காட்டும். தொட்டாற்சிணுங்கியோ காலைக் கீறியே தன்னை அறிவித்துவிடும். லாலாங்கின் முள் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் இலையொன்றைப் பறித்துப் பாருங்கள். வெண்ணிற நடுநரம்பு நட்டநடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஓரம் அரம்போல் அறுக்கும். மண்ணைக் கிளறினால் ஊசிமுனை கொண்ட வெள்ளைத் தண்டுகள் படுக்கையாக ஓடுவதைக் காணலாம். நாம் வேர் என்று சொல்வது இத்தண்டுகளையே.

இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. கெடாவின் வறட்சிக் காலத்தில் தீப்பற்றினால் இலை கருகும்; வேர் பிழைத்துக்கொண்டு முன்னினும் முனைப்பாகத் தளிர்விடும். மண்வெட்டியால் துண்டாடினாலோ கணுவுள்ள துண்டெல்லாம் தனிப்புல்லாக முளைக்கக்கூடும். வீட்டுத் தோட்டமாயின் ஆழத் தோண்டி, துண்டுகளைப் பொறுக்கி, வெயிலில் காயவிடலாம். காட்டிலே அது இயலாது. அங்கே நமக்குத் துணை நிழல்தான். லாலாங்கிற்கு நிழல் ஆகாது. மறுநடவின்போது பியூராரியா போன்ற மூடுகொடிகளைப் பரப்புவது இதற்காகவே. அவை மண்ணுக்குத் தழைச்சத்தையும் தருகின்றன.

அடுத்தது மருந்து. முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. பின்னர் வந்த பாராகுவாட் இலையைக் கருக்கியது, வேரைக் கொல்லவில்லை. ஒரு மிடறு உள்ளே போனாலும் மனிதரைக் கொல்லவல்ல அம்மருந்து, 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் தொடாதீர்கள், மண்டோரிடம் சொல்லுங்கள். 1974இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் பச்சை இலை வழியே இறங்கி வேரை அடைகிறது. ஆதலால் தெளித்தவுடன் புல்லை வெட்டுவது வீண்வேலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதைத் துணியில் மருந்து நனைத்துத் துடைக்கும் வழக்கம் உண்டு. வெறுங்கையால் அதைச் செய்தல் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இம்மருந்தைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றுள் சேர்த்தது. வேறு பல அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அவர்கள் வாதிடட்டும், நாம் கையுறை அணிவோம். மருந்தடிக்கும் நம் பெண்கள் அதே உடையோடு வந்து பிள்ளையைத் தூக்குவதும் வேண்டாம்.

இப்புல்லால் பயனும் உண்டு. சீனச் சகோதரர்கள் இவ்வேரைக் கரும்புடன் கொதிக்கவைத்து, உடற்சூடு தணியப் பருகுகின்றனர். நம்மவரும் சிலர் அதைக் கற்றுக்கொண்டோம். ஆனால் மருந்து இறங்குவதும் அதே வேருக்குத்தானே! இலை வாடுவதற்கு முன்பே நஞ்சு வேரில் சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பால்மரக் காட்டிலிருந்து லாலாங் வேர் எடுக்க வேண்டாம். வீட்டுக்கொல்லையில், மருந்தே படாத இடத்தில் தோண்டுங்கள். முள்ளுக்கீரைத் தளிருக்கும் இதுவே விதி: சாலையோரக் கால்வாயில் செழித்து நிற்பதைக் கண்டால், அங்கே கடைசியாக மருந்தடித்தது எப்போது என்று மண்டோரைக் கேட்ட பின்னரே கை வையுங்கள்.