கட்டடம் வரட்டும், கடைக்காரன் போகக் கூடாது!

(மூலக்கொத்தளத்தில் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

1939-இல் மொழிக்காகச் சிறைப்பட்டு உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் இது. உரிமை பேச இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் இடித்துவிட்டு, ஏறத்தாழ 823 கோடி ரூபாயில் பேருந்து நிலையம், கடைகள், அலுவலகங்கள், வாகன நிறுத்தம் எல்லாம் அடங்கிய அடுக்குமாடி வளாகம் கட்டுவது திட்டம். உயர்நீதிமன்ற மெட்ரோவையும் கோட்டை ரயில் நிலையத்தையும் அதனோடு இணைக்கப் போகிறார்கள். கட்டி முடியும்வரை பேருந்துகளுக்கு ராயபுரத்திலும் தீவுத்திடலிலும் தற்காலிக இடம்.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை! மழைக்கு ஒதுங்க இடமின்றி அங்கே நின்றவர்கள் நம் தாய்மார்கள்தாம். நல்ல நிலையம் வேண்டும். ஆனால், அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைத்தவனின் கதி என்ன? இதுதான் நம் கேள்வி.

பழைய பாடங்களை மறக்கலாமா? மூர் மார்க்கெட் 1985 மே 30-இல் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் கடை கிடைத்தது. பழைய கூட்டம் கிடைக்கவில்லை. 1996-இல் கொத்தவால் சாவடி மொத்த வியாபாரம் கோயம்பேடு போனது. 2002-இல் வெளியூர்ப் பேருந்துகளும் போயின. ஊரிலிருந்து இறங்கியவுடன் மண்ணடியில் சரக்கெடுத்த சில்லறை வியாபாரி, அதன்பின் சுற்றி வரவேண்டியதாயிற்று. பேருந்து இடம் மாறினால் வியாபாரமும் இடம் மாறும், சகோதரர்களே!

பாதிக்கப்படுபவர்கள் மூவகை. உரிமம் பெற்று வாடகை கட்டும் கடைக்காரர், நடைபாதை வியாபாரி, எந்தச் சீட்டும் இல்லாத கடைப்பையனும் சுமை தூக்குபவரும்.

நடைபாதை வியாபாரிக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை அவரை அகற்றக் கூடாது என்கிறது அது. இடம் மாற்ற 30 நாள் அறிவிப்பு தரவேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தரச் சொல்கிறது. கேட்டோமா? எத்தனை பேர் அந்தச் சான்றிதழை வைத்திருக்கிறோம்?

நமக்குள்ள குறையையும் சொல்கிறேன். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நாமோ வாய்ப்பேச்சில் கடை நடத்துகிறோம். உரிமம் ஒருவர் பெயரில், கல்லாவில் இன்னொருவர்! நாளை பட்டியல் எடுக்கும்போது யார் பெயர் ஏறும்? ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று தரகர் வருவார். அவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வணிகர்களே! வாடகை ரசீது, உரிமம், அடையாள அட்டை, கடையின் புகைப்படம் அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள். இளைஞர்களே! படித்த நீங்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடை கடையாகச் சென்று பட்டியல் எடுங்கள். முஸ்லிம் கடை, மற்றவர் கடை என்று பிரிக்காதீர்கள். பூ விற்கும் அம்மாவின் பெயரும் அதில் இருக்கட்டும். அதை மாநகராட்சியில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

புதிய வளாகத்தில் பழைய வியாபாரிக்கு முதலிடம், கட்டக்கூடிய வாடகை, இடைக்காலத்தில் பேருந்து நிற்கும் இடத்திலேயே கடை. இம்மூன்றையும் எழுத்தில் கேட்போம். இடித்தபின் அழுவதைவிட இடிக்குமுன் எழுதுவது மேல்!