துப்பறியும் கதாசிரியரும் ஒரு மெய் வழக்கும்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மில் பலருக்கு விடுமுறை இரயில் பயணமும் மர்ம நாவலும் பிரிக்க முடியாதவை. வண்டி புறப்படும்போது கொலை நிகழ்கிறது. நாம் இறங்குவதற்குள் கொலையாளி அகப்பட்டுவிடுகிறான். அந்த நிச்சயமே அக்கதைகளின் இனிமை. அத்தகைய கதைகளை எழுதிவந்த ஒருவர், தம் நாட்டில் மெய்யாகவே கொலை நடந்தபோது என்ன செய்தார் என்பதை இன்று காண்போம்.

அர்ஜென்டினாவின் ரோடோல்ஃபோ வால்ஷ் 1927-இல் பிறந்தவர். புவெனோஸ் அயர்ஸ் நகரில் ஒரு பதிப்பகத்துக்கு அச்சுப்பிழை திருத்தியும் மொழிபெயர்த்தும் வாழ்ந்தார். 1953-இல் வெளிவந்த அவருடைய துப்பறியும் கதைத் தொகுதி நகராட்சிப் பரிசு பெற்றது. அக்கதைகளில் துப்பறிபவரும் ஓர் அச்சுப்பிழை திருத்துபவரே. பிறர் கண்ணுக்குத் தப்பும் சிறு பிழையைக் காண்பது அவர் தொழில் அன்றோ?

1955-இல் அதிபர் பெரோனை இராணுவம் கவிழ்த்தது. வால்ஷ் அதை வரவேற்றவர்களுள் ஒருவர். 1956 ஜூன் 9-ஆம் நாள் இரவு பெரோன் ஆதரவாளர்களின் கிளர்ச்சி ஒன்று மூண்டு, விரைவில் அடக்கப்பட்டது. லா பிளாட்டா நகரில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த வால்ஷுக்கும் வெடிச்சத்தம் கேட்டது. எனினும் அவர் மனம் சதுரங்கத்தையும் கதைகளையுமே நாடியது. அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நாமும் அதையே செய்திருப்போம்.

ஆறு மாதம் கழித்து, அதே நகரின் ஒரு காப்பிக் கடையில், சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவர் உயிரோடிருப்பதாக யாரோ அவரிடம் கூறினார். எந்த மர்மக் கதைக்கும் இதைவிடச் சிறந்த தொடக்கம் இராது. வால்ஷ் அம்மனிதரைத் தேடிச் சென்று, முகத்தில் குண்டு பாய்ந்த வடுவைக் கண்டார். அன்றிரவு புறநகர் வீடொன்றில் பிடிபட்டவர்களுள் பன்னிருவரைக் காவல்துறையினர் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டனர். ஐவர் மாண்டனர், எழுவர் தப்பினர்.

வால்ஷ் பெயரை மாற்றிக்கொண்டு, கைத்துப்பாக்கியுடன் மறைந்து வாழ்ந்து, தப்பியவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். வழக்கின் திறவுகோல் எங்கே கிடைத்தது என்பது வானொலியில் பேசும் நமக்குத் தனிச் சுவை தருகிறது. அரசாங்க வானொலியின் அறிவிப்பாளர் பதிவேட்டில் அது இருந்தது! இராணுவச் சட்டம் ஒலிபரப்பப்பட்ட நேரம் நள்ளிரவு 12 மணி 32 நிமிடம். கைது நடந்ததோ இரவு 11 மணி அளவில். காவல்துறைத் தலைவரே அதை ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே பிறவாத சட்டம் ஒன்று அவர்கள்மீது பாய்ந்திருக்கிறது. பெரிய ஏடுகள் தொட அஞ்சிய இச்செய்தியைச் சிற்றிதழ்கள் வெளியிட்டன. 1957-இல் அது நூலாயிற்று.

கதையாக இருந்திருந்தால் இங்கே முற்றுப்புள்ளி விழுந்திருக்கும். நடந்தது வேறு. வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. எவரும் தண்டனை பெறவில்லை. நிரூபித்தால் போதும் என்று நம்பிய கதாசிரியருக்கு இது எத்தகைய அடியாக இருந்திருக்கும்! அவர் அந்நூலைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1964, 1969, 1972 பதிப்புகளில் முன்னுரையும் முடிவுரையும் மாறிக்கொண்டே வந்தன. நீதியின்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை தேய்ந்ததை அவற்றில் காணலாம். பிற்காலத்தில் அவர் ஆயுதமேந்திய இயக்கம் ஒன்றிலும் சேர்ந்தார். அது சரியா என்பதில் அவர் நாட்டினரே இன்றும் ஒருமனப்படவில்லை.

1976 மார்ச் 24-இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. வால்ஷ் இரகசியச் செய்தி நிறுவனம் ஒன்றை நடத்தினார். அவருடைய மகள் அந்த ஆண்டு செப்டம்பரில் இராணுவத்தினருடன் நடந்த மோதலில் இறந்தார். ஆட்சியின் முதல் ஆண்டு நிறைவன்று, ஆட்சியாளருக்கு ஒரு பகிரங்கக் கடிதத்தைத் தம் பெயரிட்டே எழுதினார். மறுநாள் அதன் படிகளை அஞ்சலில் சேர்த்தபின், புவெனோஸ் அயர்ஸ் தெருவில் கடற்படையினர் அவரைச் சுட்டுப் பிடித்தனர். உடல் கிடைக்கவில்லை. 2011-இல்தான் அக்குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

அன்றிரவே அவர் வீடு சூறையாடப்பட்டது. எடுத்துச் செல்லப்பட்ட தாள்களுள், அப்போதுதான் எழுதி முடித்த சிறுகதை ஒன்றும் இருந்தது. நீர் வற்றிய ஆற்றைக் குதிரையில் கடக்க முயலும் ஒரு முதியவரின் கதை அது. அவருடைய துணைவியார் அதைப் படித்திருந்தார். நினைவிலிருந்து பிறருக்குச் சொல்லி வந்தார். கையெழுத்துப் பிரதி இன்னும் திரும்பி வரவில்லை.